அளக்க முடியாத இடத்தில் மருந்து என்ன செய்யும்?

குறைமாதத்திலேயே பிரசவ வலி கண்டுவிட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும் முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டால், கருவின் நுரையீரல் விரைவாக முதிர்ந்து, பிறந்த பின் மூச்சுத் திணறி இறக்கும் ஆபத்து குறையும் என்பதை நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பின்னர் வசதி மிகுந்த நாடுகளில் நடந்த பல ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. மருந்தோ விலை மலிவானது. அதைச் செலுத்தப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இப்படிப்பட்ட ஒன்றை, குறைமாதக் குழந்தைகள் அதிகம் இறக்கும் ஏழை நாடுகளின் கடைசிச் சுகாதார நிலையம் வரை கொண்டுபோக வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த முடிவுதான், தாய்-சேய் நலம் பற்றிய ஆய்வுகளை நான் வாசிக்கும் விதத்தையே மாற்றியது.

அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய 6 நாடுகளில், ஏறத்தாழ 1 லட்சம் பிறப்புகளை உள்ளடக்கி நடந்த அந்த ஆய்வின் முடிவு 2015-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சில பகுதிகளில் பிரசவம் பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஸ்டீராய்டு பயன்பாட்டை அதிகரித்தார்கள். மற்றப் பகுதிகளில் வழக்கம்போலவே விட்டுவிட்டார்கள். கருவின் வயது சரியாகத் தெரியாததால், மிகக் குறைந்த எடையையே குறைமாதத்துக்கு அடையாளமாகக் கொண்டார்கள். அப்படி எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தைகளிடையே இறப்பு குறையவில்லை. அதைவிட அதிர்ச்சி தந்தது, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது கண்ட கணக்கு. பிறந்த 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு, வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த பகுதிகளில் 1,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 23.9 ஆகவும், ஸ்டீராய்டு பரப்பப்பட்ட பகுதிகளில் 27.4 ஆகவும் இருந்தது. தாய்மாருக்குத் தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட நிகழ்வுகளும் கூடியிருந்தன.

உயிரைக் காக்கும் என்று பல பத்தாண்டுகளாக நிறுவப்பட்ட ஒரு மருந்து, வேறோர் இடத்தில் உயிரிழப்பைக் கூட்டியது எப்படி? ஆய்வு இதற்கு நேரடியான விடை தரவில்லை. ஆனால் அதன் தரவுகளுக்குள் ஒரு தடயம் இருக்கிறது. ஸ்டீராய்டு பெற்ற பெண்களில் 16 சதவீதத்தினருக்கு மட்டுமே மிகக் குறைந்த எடையுள்ள குழந்தை பிறந்தது. அதாவது, மருந்து தேவைப்படாத கருக்கள் பலவும் அதைப் பெற்றிருக்கின்றன.

இதை இன்னும் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. கடைசி மாதவிலக்குத் தேதி நினைவில்லாத, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வழியும் இல்லாத ஒரு பெண்ணின் கரு எத்தனை வாரத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றின் அடியில் தட்டுப்படும் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை ஒரு நாடாவை வைத்து அளப்பார்கள். அந்த ஆய்வுக்கென்று தயாரித்த நாடாவில் வாரக் கணக்கு வண்ணப் பட்டைகளாகக் குறிக்கப்பட்டிருந்தது. எண்களைக் கூர்ந்து பார்க்க வேண்டியதில்லை, நாடா எந்த வண்ணத்தில் முடிகிறது என்று பார்த்தால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் நாடா அளப்பது கருப்பையின் உயரத்தையே ஒழியக் கருவின் வயதை அன்று. ஊட்டம் குறைந்த தாயின் வயிற்றில் நிறைமாதம் கண்டும் சிறுத்திருக்கும் கருவை அது குறைமாதம் என்று சொல்லிவிடும். இரட்டைக் குழந்தைகள் இருந்தால் குறைமாதத்தையே நிறைமாதம் என்று காட்டிவிடும். ஊட்டக்குறைவு மிகுந்த இடங்களில்தான் நாடாவை நம்பியிருக்க வேண்டிய கட்டாயமும் மிகுதி என்பது இதில் உள்ள கசப்பான முரண்.

இதற்குப் பின் உலக சுகாதார நிறுவனம் வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய 5 நாடுகளின் 29 மருத்துவமனைகளில் இன்னோர் ஆய்வை நடத்தியது. மருந்து, முந்தைய ஆய்வில் கொடுத்த அதே ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன். இம்முறை கருவின் வயது ஸ்கேன் மூலம் உறுதி செய்யப்பட்டது. 26 வாரம் முடிந்து 34 வாரம் நிறையாத நிலையில், விரைவில் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்த பெண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். பிறந்த குழந்தையைக் கவனிக்கும் வசதியும் அதே மருத்துவமனையில் இருந்தது. 2020-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாத குழுவில் 23.5 சதவீதமாக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, மருந்து பெற்ற குழுவில் 19.6 சதவீதமாகக் குறைந்தது. பயன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வைத் திட்டமிட்ட அளவை எட்டும் முன்பே நிறுத்தினார்கள். தாய்மாருக்குத் தொற்றும் கூடவில்லை.

இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே மாறியது கவனிப்பின் தரம் மட்டும்தான் என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் என் கண்ணில் முதலில் படுவது அந்த ஸ்கேன்தான். வசதி குறைந்த இடங்கள் என்றாலே மருந்தில்லை, கருவியில்லை, மருத்துவரில்லை என்ற பட்டியல்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்தப் பட்டியலில் அளவு இல்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. கருவின் வயது, குழந்தையின் எடை, தாய் இழந்த இரத்தம், இறந்தவர்களின் எண்ணிக்கை என எதுவுமே சரியாகத் தெரியாத இடத்தில், சிகிச்சை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கே பொருள் குறைந்துவிடுகிறது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறந்து மூச்சு விடாமல் கிடக்கும் குழந்தைக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம்; அதைக் காதுவைத்துக் கேட்க யாரும் இல்லையென்றால் அது இறந்து பிறந்த குழந்தையாகவே பதிவாகும், பல இடங்களில் பதிவே ஆகாமலும் போகும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் 1990-களில் நடத்திய ஆய்வு இன்றும் பேசப்படுவதற்கு, 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பை மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைத்துக் காட்டியதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எனக்கோ அதற்கு முன் நடந்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே, ஊரிலேயே வாழும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பிறப்புகளையும் நோய்களையும் இறப்புகளையும் பதிவு செய்யவும், குழந்தைகளை எடை பார்க்கவும் வைத்தார்கள். குழந்தைகள் எதனால் இறக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்துப் பெட்டி வந்தது.

அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்கும் இடமில்லை. உத்தரப் பிரதேசத்தின் 120 மருத்துவ நிலையங்களில், 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கொண்டு நடந்த பெட்டர்பர்த் என்ற ஆய்வு 2017-இல் வெளியானது. பிரசவத்தின்போது செய்ய வேண்டியவற்றைச் சரிபார்ப்புப் பட்டியலாகக் கொடுத்து, அதைப் பின்பற்ற ஊழியர்களுக்குத் துணைநின்று பழக்கினார்கள். இரண்டு மாதத்தில், வழக்கமான நிலையங்களில் 41.7 சதவீதமாக இருந்த சரியான நடைமுறைகள், பட்டியல் வந்த நிலையங்களில் 72.8 சதவீதத்தை எட்டின. கை கழுவினார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். ஆனால் தாய், சேய் இறப்பும் தாயின் கடுமையான பாதிப்பும் சேர்ந்த கணக்கு பட்டியல் வந்த நிலையங்களில் 15.1 சதவீதம், வழக்கமான நிலையங்களில் 15.3 சதவீதம். வேறுபாடே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்த பிறகு வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் கையில் இருக்க வேண்டும், அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடத்துக்கு வண்டி ஓட வேண்டும். அவை இல்லாத இடத்தில் அளவு வெறும் எண்ணாக நின்றுவிடுகிறது. தோல்வியடைந்த ஆய்வு என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு தெளிவாக எதிர்மறை விடை தந்த ஆய்வுகள் இத்துறையில் அபூர்வம்.

அளவையும் அடுத்து செய்ய வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிய ஆய்வு 2023-இல் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு உலகில் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது. இழந்த இரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே நெடுங்கால வழக்கம். அனுபவம் மிக்கவர்களும் உண்மையில் போனதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது பல முறை காட்டப்பட்ட ஒன்று. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்த இ-மோட்டிவ் ஆய்வில், குழந்தை பிறந்தவுடன் தாயின் இடுப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். அதன் முனை கீழ்நோக்கிக் குவிந்து பையாக முடியும். இரத்தம் அதில் சேரும். பையின்மேல் 300 மில்லிலிட்டருக்கும் 500 மில்லிலிட்டருக்கும் கோடுகள் இருக்கும். ஒப்பீட்டுக்காக வைத்த மருத்துவமனைகளிலும் இதே விரிப்பு உண்டு, ஆனால் கோடுகள் கிடையாது. சேர்ந்த இரத்தத்தைப் பின்னர் எடை போட்டு மட்டும் பார்த்தார்கள்.

கோட்டைத் தொட்டதும் ஒவ்வொன்றாக முயன்று காத்திருக்காமல், கருப்பையைப் பிசைந்துவிடுதல், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், இரத்த உறைவைக் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சிரைவழித் திரவம், இரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை, உதிரப்போக்கால் இறப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. உதிரப்போக்கைக் கண்டுபிடித்த விகிதம் வழக்கமான இடங்களில் 51 சதவீதம். கோடு போட்ட விரிப்பு இருந்த இடங்களில் 93 சதவீதம். விரிப்பின் பங்கு எவ்வளவு, தொகுப்புச் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை என்பது என் எண்ணம்.

2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், 500 மில்லிலிட்டர் வரை காத்திராமல், 300 மில்லிலிட்டர் போயிருக்கும்போதே நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ பிறழ்ந்திருந்தால் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. விரிப்பைப் பெட்டி பெட்டியாக வாங்கி அனுப்பிவிடலாம். நாடியையும் அழுத்தத்தையும் குறித்த இடைவெளியில் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இரவுப் பணியில் ஒரே செவிலியர் பல தாய்மாரைப் பார்த்துக்கொள்ளும் பிரசவ அறையில் இந்த விதி எந்த அளவுக்கு நடைமுறைக்கு வரும், ஒருவர் எத்தனை பேரைக் கவனிக்கும் வரை அது பலன் தரும் என்பதை இனி வரும் ஆய்வுகள் மருந்துக்குக் காட்டும் அதே கண்டிப்போடு அளந்து சொல்ல வேண்டும்.