பதினாறாயிரம் கண்ணிகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரப் பிரிவில் 24 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். துணியை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்து அது ஏறக்குறைய எத்தனை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்று சொல்லிவிடுவேன். பனியனுக்கான சிங்கிள் ஜெர்சித் துணியில் ஊசிக் கோடு, அதாவது பழுதான ஊசியால் நீளவாக்கில் விழும் கோடு, ஓடியிருந்தால் கொஞ்ச தூரத்திலிருந்தே என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு ஊசிகளையும் ஒரு நூல் உருண்டையையும் கையில் கொடுத்து ஒரே ஒரு கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) போடு என்று சொன்னால் எனக்குப் போடத் தெரியாது என்பது, சென்ற ஐப்பசிக் கடைசியில் குன்னூரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தெரியவந்தது. இரண்டு நாள் விடாத மழை. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அவருக்கு 74 வயது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "இத்தன வருசமா பின்னல் துணியிலதான சாமி கெடக்கற, ஒரு கண்ணி போடத் தெரியாதா?" என்றார். தெரியாதுங்க அத்தை என்றேன். மிச்சமிருந்த ஒரு பச்சை உல்லன் உருண்டையையும் 4 மி.மீ. மூங்கில் ஊசிகள் இரண்டையும் மடியில் போட்டார்.

முதல் நாள் 20 கண்ணிகளை ஊசியில் ஏற்றுவதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, பின்னாலிருந்து நூலைச் சுற்றி, அந்தச் சுற்றை முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். இந்த நான்கு அசைவுகள்தாம் நிட். நான் நூலை இறுக்கிப் பிடித்ததில் கண்ணிகள் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. "மாட்டுக் கயிறா புடிச்சிருக்க? நூலு சாமி, ஓடிப் போயிடாது" என்று அத்தை சொல்லி, நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிடக் காட்டிக்கொடுத்தார். எல்லா வரிசையையும் நிட்டாகவே போட்டுக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக வரும் துணி கிடைக்கிறது. என்னுடையதும் அப்படித்தான் வந்தது. ஆனால் 20 கண்ணிகளில் தொடங்கியது பத்து வரிசைக்குள் 27 ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போய்விட்டால் ஓரக் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு தனிக் கண்ணிகளைப் போலத் தோன்றும். நான் இரண்டையும் தனித்தனியாகப் பின்னியிருக்கிறேன். ஏழு கண்ணிகள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தபோது, ஒரு புகாரின் மூலத்தைக் கண்டுபிடித்தாற்போல் நிம்மதியாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு வீம்பு வந்தது. நூல் நகரத்தில் இருந்துகொண்டு நூலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று, கம்பெனியில் மிச்சமாகக் கிடந்த 30ஆம் நம்பர் காட்டன் கோன் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். அந்த நூலில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் இருக்கும். கைப்பின்னலுக்கான சாதாரண நூலிலோ கிராமுக்கு இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே 16 இழைகளை ஒன்றாகச் சேர்த்து உருண்டை பிடித்தேன். ஊசி நுனி ஒவ்வொரு முறையும் பதினாறில் மூன்று இழைகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடித்து வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டின் மறுபக்கம் முன்னால் வரும்படி போடும் கண்ணி) என்று உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைப் பின்னி முடித்தேன்.

இந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிட்டும் பர்லும் மாறி மாறி வந்தால் முன்பக்கம் முழுவதும் சின்னச் சின்ன 'வி' எழுத்துகளை அடுக்கியதுபோலவும் பின்பக்கம் முழுவதும் புடைப்புகளாகவும் இருக்கும். அதாவது அது சிங்கிள் ஜெர்சி. நான் உடுத்தியிருந்த பனியனின் ஓரத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கையிலிருந்ததோடு ஒப்பிட்டேன். அதே கண்ணிதான், அளவு மட்டும் சிறிது. மேலும் கீழுமான ஓரங்கள் முன்பக்கமாகவும் இடமும் வலமுமான ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருண்டன. கட்டிங் மேசையில் ஜெர்சித் துணியின் ஓரம் சுருள்வதாகக் கட்டிங் மாஸ்டர்கள் சலித்துக்கொள்வதும் இதேதான். வளைத்து வைக்கப்பட்ட நூல் நிமிரப் பார்க்கிறது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே விதமான வளைவாக இருப்பதால் துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, செவ்வகமாகத் தொடங்கிய என் துண்டு நீரில் நனைத்துக் காயவைத்ததும் சாய்ந்து இணைகரமாகிவிட்டது. துவைத்த பிறகு டி-சர்ட்டின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறது என்னும் புகாருக்கு எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன்! ஒற்றை இழை நூல் ஒரே திசையில் முறுக்கப்பட்டது. அந்த முறுக்கு விடுபட முயலும்போது ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. கைப்பின்னல் நூலில் இழைகளை எதிர்த்திசையில் மறுபடி முறுக்கிச் சேர்த்திருப்பதால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. மறுவாரமே கோயம்புத்தூருக்குப் போய் 50 கிராம் உருண்டைகள் மூன்று, கருநீலக் காட்டனில், காசு கொடுத்தே வாங்கிவந்தேன்.

அதில் முதலில் 20 செ.மீ. சதுரத்தில் ஒரு கைப்பிடித் துணி பின்னினேன். கம்பெனியில் துணியை ஜிஎஸ்எம் கட்டரால் 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டி, எடை பார்த்து, நூறால் பெருக்குவோம். இதை வெட்டினால் அவிழ்ந்துவிடும் என்பதால் முழுதாகவே தராசில் வைத்தேன்: 17 கிராம். அதாவது 425 ஜிஎஸ்எம். இந்தக் கனத்தில் ஒரு டி-சர்ட் தைத்தால் எவரும் உடுத்த முடியாது. ஆனால் சூடான பாத்திரத்தை இறக்க அருமையாக இருக்கிறது. வீட்டில் இப்போது அது அடுப்படியில் தொங்குகிறது.

அடுத்தது மஃப்ளர். அதிகாலையில் ஸ்கூட்டரில் கம்பெனிக்குப் போகும்போது மார்கழியில் காது அடைக்கும். சுருளாமல் இருக்க வேண்டும் என்பதால் ஒரு நிட், ஒரு பர்ல் என்று ஒரே வரிசைக்குள் மாற்றி மாற்றிப் போடும் ரிப் பின்னலைத் தேர்ந்தேன். டி-சர்ட்டின் கழுத்துப் பட்டைக்குப் போடுகிற ரிப் இதுவே. ஊசியில் 41 கண்ணிகள். நிட்டுக்கு நூல் பின்னால் இருக்க வேண்டும், பர்லுக்கு முன்னால் வர வேண்டும். ஒரு வரிசைக்குள் 40 முறை நூலை ஊசிகளுக்கிடையே முன்னும் பின்னும் கடத்த வேண்டும். கடத்த மறந்தால் நூல் ஊசியின் மேல் ஏறி ஒரு புதுக் கண்ணியாகிவிடும், துணியில் ஓர் ஓட்டையும் விழும். முதல் வாரத்திலேயே 41 என்பது 47 ஆயிற்று. மூன்று முறை முழுவதும் அவிழ்த்தேன். இன்னொரு நாள் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, நிட்டின் மேல் பர்லும் பர்லின் மேல் நிட்டுமாக ஆறு வரிசை போட்டுவிட்டேன். அது அரிசி இறைத்ததுபோல் பொடிப் புள்ளிகளாக வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது, ஆனால் மஃப்ளரின் நடுவில் வருவதற்கு அதற்கு உரிமையில்லை. அதையும் அவிழ்த்தேன். கண்ணியைப் பார்த்தே அது நிட்டா பர்லா என்று படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எண்ணிக்கொண்டே பின்னும் அவஸ்தை தீர்ந்தது: ஊசிக்குக் கீழே 'வி' தெரிந்தால் நிட், கழுத்தில் மாலை போட்டதுபோல் புடைப்பு தெரிந்தால் பர்ல்.

மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, நடுவில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஐந்து வரிசை கீழே இறங்கி, ஏணிப்படிகள்போல ஐந்து குறுக்கு நூல்களை விட்டுச் சென்றது. காணொளி அழைப்பில் அத்தையைக் கூப்பிட்டேன். "பதறாத கண்ணு, இழுக்காத. குரோஷா ஊசி இருக்கா?" என்றார். நுனியில் கொக்கியுள்ள அந்த ஊசி மனைவியின் தையல் பெட்டியில் இருந்தது. நழுவிய கண்ணிக்குள் கொக்கியை முன்பக்கமிருந்து நுழைத்து, அதற்கு மேலுள்ள முதல் படியைக் கொக்கியில் பிடித்து, கண்ணிக்குள்ளாக இழுத்துக்கொண்டு வந்தேன்; பழைய கண்ணி கொக்கியின் தலையைத் தாண்டி நழுவிற்று, படி புதுக் கண்ணியாயிற்று. ஐந்து முறை. அது நிட் நிரலாக இருந்தது அதிர்ஷ்டம். பர்ல் நிரலாக இருந்தால் துணியைத் திருப்பிப் பிடித்துச் செய்திருக்க வேண்டும். இரண்டாம் படியை இழுக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது. கம்பெனியின் வட்டப் பின்னல் இயந்திரத்திலுள்ள ஒவ்வொரு ஊசியும் இந்தக் கொக்கிதான். கண்ணி கொக்கியில் சிக்காமல் நழுவிப் போவதற்காக அதில் திறந்து மூடும் ஒரு சின்னத் தாழ் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. மேத்யூ டவுன்சென்ட் 1849இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற தாழ் ஊசி அது. அதற்கு முன் 1589இல் வில்லியம் லீ செய்த, காலுறை பின்னும் சட்டகத்தின் ஊசிகளில் தாழ் கிடையாது. தாழ் உடைந்த ஊசியால் துணியில் ஏணி விழுவதை எத்தனையோ முறை குறித்திருக்கிறேன். அந்தத் தாழ் செய்யும் வேலையை என் கட்டைவிரல் அன்றுதான் செய்தது.

ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 140 செ.மீ. நீளத்துக்கு 390 வரிசை, வரிசைக்கு 41 கண்ணிகள், ஏறக்குறைய பதினாறாயிரம். எங்கள் இயந்திரங்களில் ஒன்று 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி), சுமார் 2,260 ஊசிகள், சுற்றுக்கு ஆளுக்கொரு வரிசை போடும் 90 நூல் வழிகள். ஒரு சுற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கண்ணிகள், அதாவது என் மஃப்ளரைப்போல் பன்னிரண்டு. அது ஒரு நிமிடத்தில் இருபது சுற்றுக்கு மேல் ஓடும். இந்தக் கணக்கைக் கேட்ட என் மகன், "அப்புறம் எதுக்குப்பா?" என்றான். இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டு முடித்து ஊசியை எடுத்தால் ஒன்பது மணிவரை கைப்பேசியின் நினைப்பே வருவதில்லை, பத்து வரிசை வளர்ந்திருக்கும், அதைத் தடவிப் பார்க்கலாம் என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. கோவைப் பேருந்தில் பின்னிக்கொண்டு போனபோது பக்கத்து இருக்கைப் பெரியவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "வீட்டுல அவங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று அக்கறையாக விசாரித்ததையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

மார்கழிக் கடைசி வாரம் மஃப்ளர் முடிந்தது. அலசி, தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவைத்தும், ஈரக் காட்டன் கனத்தில் நீண்டு 146 செ.மீ. ஆகியிருந்தது. உருண்டை மாற்றிய இடங்களில் நூல் முனைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் செருகும் பொறுமை இல்லாமல் மறுநாள் காலையே சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். செக்கிங் மேசையில் பிசிறு வெட்டும் பெண் ஒருவர், "சார், நூல் தொங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே, நாள் முழுக்கச் செய்யும் வேலையின் பழக்கத்தில், டிரிம்மரை என் கழுத்தை நோக்கிக் கொண்டுவந்தார். நான் துள்ளி விலகிய விலகலில் பக்கத்திலிருந்த பண்டல் சரிந்தது. அங்கே வெட்டியிருந்தால் முனை நழுவி, வரிசை வரிசையாக இளகியிருக்கும். அன்று மாலையே மழுங்கிய முனையுள்ள ஊசியில் அந்த நான்கு நூல்களையும் கோத்து, பின்பக்கப் புடைப்புகளுக்கிடையே ஐந்து செ.மீ. போக்கும் வரவுமாகச் செருகி முடித்தேன். இப்போது வட்ட ஊசியில் 88 கண்ணிகள் ஏறியிருக்கின்றன. அத்தைக்கு ஒரு குல்லா. முதல் சுற்றை இணைக்கும்போது கண்ணிகள் முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் நான்கு சுற்றுப் போய்விட்டேன் என்பதால், நாளை மறுபடி ஏற்ற வேண்டும்.