எலிக்கூண்டு நாட்குறிப்பு: ஃபாக்ஸோ3 இல்லாத சகோதரிகள்

மார்ச் 3

பிசிஆர் (மரபணுச் சோதனை) முடிவு வந்துவிட்டது. ஃபாக்ஸோ3 மரபணுவின் இரண்டு பிரதியும் நீக்கப்பட்ட பெண் எலிகளையும், அதே ஈத்தில் பிறந்த குறையில்லாத சகோதரிகளையும் சாதாரண ஆண்களோடு சேர்த்தாயிற்று, யார் எவ்வளவு காலம் குட்டி போடுகிறார்கள் என்று பார்க்க. எல்லாருக்கும் ஆறு வார வயது. இந்த மரபணு இல்லாத ஆண் எலிக்கு இனப்பெருக்கத்தில் குறை கிடையாது. தொல்லை பெண்ணுக்கு மட்டும்தான்.

மார்ச் 26

இரண்டு பக்கமும் குட்டி போட்டாயிற்று. எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசமில்லை. இன்றோடு நிறுத்தினால் ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிடலாம், தப்பாகப் போயிருக்கும்.

மற்ற நாக்-அவுட்கள் (ஏதாவது ஒரு மரபணு நீக்கப்பட்ட எலிகள்) இப்படிக் காக்கவைப்பதில்லை. ஜிடிஎஃப்9 மரபணு நீக்கிய எலியில் (1996) நுண்குமிழ்கள், அதாவது முட்டையும் அதைச் சுற்றிய செல்களும், ஒற்றைச் செல் அடுக்கோடு நின்றுவிடும், முதல் ஈத்தே கிடையாது. சிடி9 மரபணு இல்லாத எலியில் (2000) முட்டை ஒழுங்காக வெளிவரும், ஆனால் விந்தணு அதனோடு இணைவது அரிது. லிஃப் மரபணு இல்லாத தாயிடம் (1992) கரு உருவாகியும் கருப்பையில் பதியாது. அதே கருவை வேறு தாய்க்கு மாற்றினால் பதிந்து வளரும். அட்டவணைகளில் இவை எல்லாம் ‘பெண் மலடு’ என்ற ஒரே கட்டத்தில் அடைபட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான்.

ஏப்ரல் 11

இந்தச் சகோதரிகளைப் பெற்றவர்களின் அடுத்த ஈத்திலிருந்து 14 நாள் குட்டிகளின் சினைப்பை ஸ்லைடுகள். சாதாரணக் குட்டியில் ஓரமெல்லாம் உறங்கும் சிறு முட்டைகள். நாக்-அவுட்டில் உறங்குவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, எல்லாம் பருத்துவிட்டன. முட்டை பருத்தும் சுற்றியிருக்கும் செல்கள் அதற்கேற்பப் பெருகாமல் தட்டையாகவே இருப்பதுதான் விசித்திரம். குதிரிலிருந்த விதைநெல்லை ஒரே மழைக்கு மொத்தமாக விதைத்த கதை.

உட்கருவுக்குள் ஃபாக்ஸோ3 இருக்கும்வரை முட்டை உறங்கும். வளர்ச்சிச் சமிக்ஞை வந்து ஏகேடி நொதி அதில் பாஸ்பேட்டை ஏற்றினால் ஃபாக்ஸோ3 வெளியே போய்விடும், முட்டை விழிக்கும். சரி, தடுப்பே இல்லாத எலியில் சமிக்ஞைக்காக யார் காத்திருக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 18

நாக்-அவுட் கூண்டுகளில் சில காலி. மற்றவற்றில் சின்ன ஈத்து.

மே 30

எலிகளுக்கு வயது நான்கு மாதம் தாண்டிவிட்டது. சாதாரணச் சகோதரிகள் இன்னும் ஈன்றுகொண்டிருக்கிறார்கள். நாக்-அவுட்கள் நிறுத்தியே விட்டார்கள். 2003-இல் இதை முதலில் விவரித்தவர்களும் 15 வார வயதுக்குள் மலடாவதாகத்தான் சொன்னார்கள். சினைப்பையைத் தூண்டும் பிஎம்எஸ்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று ஆய்வகத்தில் கேட்டார்கள். ஹார்மோன் எதைத் தூண்டும், சினைப்பையில் முட்டை இருந்தால்தானே? அதற்குப் பதில் இரத்தம் எடுத்து, முட்டையை வளரச் சொல்லி உடம்பே அனுப்பும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனின் அளவைப் பார்க்கிறோம். முட்டை தீர்ந்திருந்தால் அது ஏறியிருக்க வேண்டும்.