தடைக்காலம் முடிந்த முதல் விடியல்

இன்று அதிகாலை பாம்பன் துறைமுகத்தில் நின்றிருந்தேன். ஏப்ரல் 15-ல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, விசைப்படகுகள் முதல் நாள் தொழிலுக்குக் கிளம்புகின்றன.

அப்பாவின் படகில் அந்தோணியார் படம். சித்தப்பா கடல் தண்ணீரை மூன்று தரம் அள்ளி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தெளித்துவிட்டு, மல்லிகைச் சரத்தைக் கட்டினார். மெழுகுவர்த்தி ஈரக் கயிற்றில் சொட்டி வெள்ளையாக உறைந்திருந்தது. பக்கத்துப் படகில் எலுமிச்சம்பழம், கற்பூரம். ஸ்பீக்கரில் மாரியம்மன் பாட்டு. அந்த உடுக்கைச் சத்தம் பலகை வழியாக என் உள்ளங்காலுக்கே வந்தது. அதற்கும் அடுத்த படகில் நாகூர் ஹனிபா. (பேரில்தான் நாகூர், அவர் பிறந்தது 1925-ல் நம்ம ராமநாதபுரத்தில்!) மாதா பாட்டு, அம்மன் பாட்டு, ஹனிபா பாட்டு, மூன்றும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. சத்தத்தைக் குறைங்கப்பா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு சாமி பாட்டு என்றால் இந்தக் கலவைதான். கூடவே டீசல் வாசமும் வந்தால்தான் பாட்டு முழுசாகும்.

எஞ்சின்கள் முடுக்கியபின் பாட்டெல்லாம் அமுங்கிப்போயின. ஹனிபாவின் உச்சக் குரல் மட்டும் அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்தது. என்ன குரல் அது!

கரையில் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படகுக்காரர் வீட்டு அக்கா தயங்கித் தயங்கி வந்து, "எங்க வீட்டுக்காரவுகளுக்கும் சேத்துச் சொல்லுங்க மதினி" என்றார்.

"அவுக பேரத்தான் மொதல்ல சொன்னேன்" என்றாள் அம்மா, மணியை விடாமல்.