அப்பாவின் ஸ்விஃப்டுக்கு வீட்டிலேயே மெஷின் பாலிஷ் போட்டேன்

கருநீல வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். நிழலில் நிற்கும்போது புதுசு மாதிரி இருக்கும், காலை வெயில் பானெட்டில் சாய்வாக விழுந்ததும் சிலந்தி வலை பின்னிய மாதிரி கோடு கோடாகத் தெரியும். அப்பாவின் 2013 மாடல் ஸ்விஃப்ட் அப்படித்தான் இருந்தது. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார், எனக்கு மனசு ஆறவில்லை. போன மார்கழியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், வீட்டுப் போர்ட்டிகோவிலேயே, மெஷின் வாங்கி நானே பாலிஷ் போட்டேன். எப்படிச் செய்தேன், எங்கே தப்பு நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் பக்கம் போர் தண்ணியில் வண்டி கழுவுகிறவர்களுக்கு நிச்சயம் உதவும்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில். போர்ட்டிகோ மேல் ஒரு மாமரம் பாதி சாய்ந்திருக்கிறது. தை, மாசியில் பூ எடுத்தால் கூடவே தத்துப்பூச்சியும் வரும், அது கழிக்கிற பிசுபிசுப்பு தேன் தெளித்த மாதிரி வண்டி முழுக்க ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் ரோட்டுத் தூசி படியும். அதை எடுக்க அப்பாவிடம் இருந்தது பனியன் வேஸ்ட்டும் ஒரு பக்கெட் போர் தண்ணியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாயில் வரும் அந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க. வண்டிக்கு உப்பேறிய போர் தண்ணிதான். அது வெயிலில் காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாக நின்றுவிடும், நாள்பட விட்டால் பெயின்டையே அரித்துக் குழியாக்கிவிடும்.

அந்தக் கோடுகள் வட்டமாகத் தெரிந்தாலும் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கும், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது: ஒவ்வொரு கோடும் ஒரு மணல் துகள் இழுபட்ட தடம். பத்து வருஷம் அப்பா அக்கறையோடு துடைத்ததுதான் அத்தனையும்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு கடையில் விட்டுப் பாலிஷ் போட்டோம். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வாரத்தில், நாலாவது கழுவலில், எல்லாக் கோடும் திரும்பி வந்துவிட்டது, போதாததற்கு வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க அலை அலையாகப் புதுத் தடங்கள். கம்பளிப் பேட் போட்ட ரோட்டரி மெஷினை வேகமாக ஓட்டியதால் வந்தவை அவை. கோடுகள் போகவே இல்லை, பாலிஷில் இருந்த எண்ணெய் அவற்றை நிரப்பி மறைத்திருந்தது. அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் பாலிஷ் என்றால் என்ன என்று உட்கார்ந்து படிக்க வைத்ததும் அதுதான்.

படித்ததைவிட அதிகம் புரிய வைத்தது மாமா. அம்மாவின் தம்பி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளில் இருபது வருஷத்துக்கு மேல் பாலிஷ் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டால் பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது, அவ்வளவுதான். கல்லில் 50 நம்பர் பேடில் ஆரம்பித்து 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஏறிப் போவார்கள். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கோட்டை அழித்து அதைவிடச் சின்னக் கோடு போடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கோடு சின்னதாகும்போது கல் முகம் பார்க்கும். கார் பெயின்டிலும் இதே கணக்குதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. மெஷின் வாங்கிய அன்று மாமா வந்து பானெட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாப்ள, கல்லுல இருபது எம்எம் இருக்குது, தப்புப் பண்ணுனா இன்னொரு தடவ ஓட்டிக்கலாம். இதுல எவ்ளோ இருக்குது?"

"மேல இருக்கிற கிளியர் கோட் நாப்பது மைக்ரான் இருந்தா அதிகம் மாமா."

"அப்படின்னா?"

ஒரு ஏ4 தாளைக் கொடுத்து, இதன் கனத்தில் பாதிகூட இல்லை என்றேன். தாளை விரலில் உருட்டிப் பார்த்தவர், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப பாத்து எடு, கொஞ்சமா எடு" என்றார்.

நான்கு வாரமும் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து நூறு, நூற்று இருபது மைக்ரான் வரும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தக் கிளியர் கோட்தான், அது போனால் பெயின்ட் வெளுத்து உரியும். ஆகவே எல்லாக் கோட்டையும் அழிக்க வேண்டும் என்று இறங்கக் கூடாது. நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள், நகம் மாட்டினால் அது ஆழமான கோடு, விட்டுவிடுங்கள். டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த பாகமா என்று பார்க்க ஒரு அளவுக் கருவி நண்பரிடம் இரவல் வாங்கினேன். இடது முன்கதவு மட்டும் 240 காட்டியது, மற்றதெல்லாம் 110 சுற்றி. அந்தக் கருவி காட்டுவது மொத்தக் கனத்தைத்தான், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று காட்டாது. பிளாஸ்டிக் பம்பரிலும் வேலை செய்யாது.

மெஷின் விஷயத்தில் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் ஒன்றே சொல்வேன்: ரோட்டரி வேண்டாம், டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷின் வாங்குங்கள். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், ஒரு இடத்தில் நின்றால் சூடேறிக் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். டிஏ சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அதிகமாக அழுத்தினாலோ ஓரத்தில் மாட்டினாலோ சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். கற்றுக்கொள்கிற கைக்கு அது பெரிய பாதுகாப்பு. என்னுடையது 15 எம்எம் ஆட்டம், 5 இஞ்ச் தட்டு. தட்டின் ஓரத்தில் மார்க்கரில் ஒரு கோடு போட்டு வையுங்கள், ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிந்தால் மெஷின் வேலை செய்கிறது, நின்று நடுங்கினால் கை அழுத்தம் அதிகம்.

மெஷினைத் தொடும் முன்னால் அரை நாள் சுத்தம் செய்யவே போனது. இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசும் தண்ணீர். வெள்ளை வளையங்களுக்கு வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து உடனே கழுவிவிட்டேன், பாதி போனது, மீதி அரித்துப்போனவை. அப்புறம் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். கழுவி முடித்த வண்டிதான், ஆனாலும் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி சொரசொரக்கும். நாங்கள் வாரம் இரண்டு தடவையாவது பெங்களூர் ரோட்டில் போகிறோம், லாரிகளின் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், தார், பிசின் எல்லாம் பெயின்டில் குத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்கக் களிமண் கட்டி மாதிரி ஒன்று விற்கிறார்கள், கிளே பார். ஷாம்புத் தண்ணியைத் தெளித்துக்கொண்டே லேசாகத் தேய்க்க வேண்டும். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஒட்டிய மணல் வண்டியைக் கிழித்துவிடும். எனக்கு ஒரு துண்டு அப்படிப் போனது.

முதல் கட்டம் பானெட்டில். நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பக்கம் மட்டும், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. எப்போதும் மென்மையான ஜோடியில் ஆரம்பிக்க வேண்டும், மெத்தென்ற ஃபோம் பேட், பாலிஷ் பட்டாணி அளவில் நாலு சொட்டு. ஒன்றாம் வேகத்தில் பரப்பி, நாலில் வைத்து, விநாடிக்கு ஒரு இஞ்ச் என்று நகர்த்தி, பாதிக்குப் பாதி மேலேறும்படி குறுக்கும் நெடுக்குமாக நாலு தடவை. துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். பாதிக் கோடுதான் போயிருந்தது. கட்டிங் பேடும், கூடுதலாகத் தேய்த்தெடுக்கும் பாலிஷான காம்பவுண்டும் மாற்றி அதே கட்டம், பிறகு மறுபடி ஃபோம் பேடில் ஃபினிஷிங். எண்ணெய் மறைப்பு ஏமாற்றிவிடக் கூடாது என்று ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தெளித்துத் துடைத்தேன். டேப்பை உரித்தபோது அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். டேப்பின் இந்தப் பக்கம் மாமரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் பச்சையாக ஒரு புகை. அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவினார், எதுவும் தட்டுப்படவில்லை, இரண்டு பக்கமும் வழவழப்புதான். "ஒரே வண்டியாடா இது?" என்றார்.

இரண்டாவது ஞாயிறு தப்பு நடந்தது. பத்து மணி தாண்டியும் நிறுத்தவில்லை, வெயில் போர்ட்டிகோவுக்குள் ஏறிவிட்டது, பின்கதவு கை வைக்க முடியாத சூடு. காம்பவுண்ட் ஓடும்போதே காய்ந்து மாவாகி, தூசி கிளம்பி, துடைக்கத் துடைக்கக் கட்டி கட்டியாக ஒட்டியது. அதைத் துடைத்ததில் புதுக்கோடு விழுந்தது, அந்தக் கதவை மறுவாரம் திரும்பச் செய்தேன். அப்புறம் காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு பேடைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்வதும் அன்றுதான் பழகியது. எடுத்த பெயின்டும் செத்த காம்பவுண்டும் பேடிலேயே இருந்தால் அது வெட்டுவதை விட்டுக் கீற ஆரம்பித்துவிடும்.

இன்னொரு தப்பு, வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக்குக்கு டேப் ஒட்டாதது. அது சொரசொரப்பான கருப்பு, தோல் மாதிரி சின்னச் சின்ன மடிப்பு இருக்கும். தெறித்த காம்பவுண்ட் அந்த மடிப்புக்குள் காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்றுவிட்டது, கழுவினால் போகாது. பழைய டூத்பிரஷ்ஷும் கிளீனரும் வைத்து ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன், கடைசியில் மிச்சமிருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பர்தான் எடுத்தது. இப்போது ஜன்னல் பீடிங், கண்ணாடி அடிப்பாகம், கதவுக் கைப்பிடி ஓரம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டாமல் மெஷினை எடுப்பதில்லை. உடம்பு மடியும் கூர்மையான கோடுகளிலும் டேப்தான், அங்கே கிளியர் கோட் இயல்பாகவே மெலிசு.

சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக்கை மெஷினில் பாலிஷ் போடவே கூடாது, அதற்கு டிரிம் ரெஸ்டோரர் என்று, வெளுத்த கருப்பை மீட்கும் பூச்சு தனியாக இருக்கிறது. எண்ணெய்ப் பசையான டாஷ்போர்டு பாலிஷைத் தடவினால் முதல் மழையில் வழிந்து கதவில் கோடு போடும். பளபளப்பான கருப்பு வேறு, அது ரொம்ப மென்மை, ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் மட்டும். ஹெட்லைட் மஞ்சள் அடித்திருந்ததை 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெஷினில் முடித்தேன். மாமா வந்து அந்த வேலையை மட்டும் தானே செய்தார், அவர் கை பழகிய வேலை. ஆனால் தேய்க்கும்போது கம்பெனியில் போட்ட யூவி பூச்சும் போய்விடும், புதுப்பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்தான்.

கடைசி ஞாயிறு, பெயின்டைப் பாதுகாக்கும் மேல்பூச்சான சீலன்ட் போட்டு முடித்தேன். பனியன் வேஸ்ட்டை அப்பாவே எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார், இப்போது மைக்ரோஃபைபர் துணிதான். கழுவுவது மாலையில், உடனே உலர்த்துவதும் அவரே. இடது முன்கதவில் நகம் மாட்டும் கோடு ஒன்று இருக்கிறது, அதைத் தொடவில்லை. போன வாரம் மாமரம் பூ எடுத்துவிட்டது, மறுநாள் காலையில் பார்த்தால் வண்டி அப்பா கையாலேயே தெருவுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் தன் வெள்ளை வண்டிக்கும் செய்ய வேண்டும் என்கிறார். வெள்ளையில் கோடு அவ்வளவாகத் தெரியாது, டிக்கியில் ஒரு கட்டம் மட்டும் போட்டுப் பார்க்கலாம் அண்ணா, தேவைப்பட்டால்தான் மீதி என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.