என்ன வேணும்?

2025 மே 25, ஞாயிறு, பாளையங்கோட்டை

சென்னையிலிருந்து அக்கா மகள் வந்திருக்கிறாள். சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மெல்லக் கேட்டாள்: “சித்தி, நீங்க லெஸ்பியனா, பைசெக்சுவலா?”

இருபத்து மூன்று வயதில் ஒருவனை நேசித்தேன். மூன்று வருஷம். அது பொய்யில்லை. ச.வோடு இந்த வீட்டில் பதினொரு வருஷம். இதுவும் பொய்யில்லை. சொன்னேன். “அப்ப இருபாலீர்ப்பு” என்று முடித்துவிட்டாள். சரிதான், ஆனால் யாரோ அளவெடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. தெருவில் ச. எனக்குச் ‘சேக்காளி’. அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

மே 27

அமெரிக்காவில் கின்சி என்பவர் 1948-லேயே இந்த ஈர்ப்பைப் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை அளவுகோலாகப் போட்டிருக்கிறார். மனிதரைச் செம்மறி, வெள்ளாடு என்று இரண்டாகப் பிரிக்க முடியாது என்றும் எழுதினாராம். (நம்மூர்ப் பட்டியில் இரண்டும் ஒன்றாகத்தானே கிடக்கிறது!) “நான் எத்தனை?” என்றேன். “ஏட்டி, ஒனக்குக் கணக்கே வராதே” என்றாள் ச.

மே 30

ராத்திரி ஒரு மணிக்கு ச.வுக்கு வயிற்றுவலி. வலது பக்கம், தொட விடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. குடல்வால், உடனே ஆபரேஷன் என்றார்கள்.

கவுன்டரில் கேட்டார்கள்: “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“சேக்காளி.”

பேனா நின்றது. “சொந்தக்காரங்க யாரும் இல்லையா? கையெழுத்து வேணுமே.”

இரண்டு வருஷமாகப் பேசாத அவள் அண்ணனுக்கு நானே போன் போட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அதுவரை அவள் செருப்பை மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது செருப்பில் வார் தைத்த நூல் பிரிந்திருந்தது. நான் தைத்ததுதான். அக்கா மகள் தந்த எந்தச் சொல்லையும் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியாது.

ஜூன் 2

வீட்டுக்கு வந்துவிட்டாள். மேலக்காற்று தொடங்கிவிட்டது, ஜன்னல் அடித்துக்கொள்கிறது. ரசம் சாதம் மட்டும்.

அக்கா மகள் போனில் ஒரு தீர்ப்பை அனுப்பியிருந்தாள். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து 2018-இல் விடுதலை கிடைத்தது, 2023 அக்டோபரில் திருமண உரிமை கிடைக்கவில்லை. அதுவரை எனக்கும் தெரியும். போன மே 22-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் துணையான இன்னொரு பெண்ணோடு போகவிட்டிருக்கிறது. குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொல்லியிருக்கிறது. எங்களைப் போன்றவர்களைக் குறிக்கும் ‘க்வியர்’ என்ற சொல்லை எழுத நீதிபதிகளுக்கே சங்கடமாம், அகராதியில் ‘விநோதம்’ என்று பொருள் இருப்பதால். அந்த இடத்தை ச.வுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அப்புறம் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பிரித்தோம். உடனிருந்தவர் என்று என் பெயர். பக்கத்தில் உறவு: ‘சிஸ்டர்’. எந்த நர்ஸம்மா எழுதினாளோ.

ச. தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். “எக்கா, கொஞ்சம் வெந்நி கொண்டா.”