கொரடாச்சேரி 11, கொரடாச்சேரி 12

நவம்பர் 24
மழை விட்டபாடில்லை. விவசாயிகள் கணக்கு இருக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை மாற்றப் புது மெஷின் வந்துவிட்டது, யுபிஎஸ் பேட்டரி வரவில்லை. கரண்டை நம்பி ரீஸ்டோரில், அதாவது டேட்டாவைப் புது மெஷினில் ஏற்றுவதில், கை வைப்பதாக இல்லை.

நவம்பர் 25
ஊர்ப் பட்டியலில் கொரடாச்சேரி இரண்டு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றைத் தேடினால் மற்றதில் இருக்கிற விவசாயிகள் வருவதில்லை. நீளம் கேட்டால் ஒன்று 11, இன்னொன்று 12. பைட்டில் 33, 36. கோளாறு முதல் எழுத்திலேயே. செல்போனில் அடித்த ‘கொ’வில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றியதில் கொம்பு தனி, கால் தனி. திரை ஒட்டிக் காட்டிவிடும், போஸ்ட்கிரெஸ் ஒட்டாது.

நவம்பர் 26
பேட்டரி இல்லை.

நவம்பர் 27
பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கும் நார்மலைஸ் ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பில்தான் வந்தது, 2020-இல். பழைய மெஷினில் ஓடுவது 10. ஆகவே முதலில் இடமாற்றம், பிறகு சுத்தம்.

டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து, அங்கேயும் 10-ஐப் போட்டால் போதாதா என்கிறார்கள். போதாது. பழைய மெஷினின் ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 18.04, அதில் அகரவரிசை சொல்லும் ஜிலிப்சி நூலகம் 2.27; புதியதில் உபுண்டு 22.04, ஜிலிப்சி 2.35. நடுவே 2.28-இல் அகரவரிசை விதியே மாறிப்போனது. இண்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, பழைய வரிசையில் நிற்கும், தேடல் புது வரிசையில் போகும். இருக்கிற வரியை இல்லை என்று சாதிக்கும். ஒரு பெயர் ஒரு முறைதான் என்று காவல் காக்கும் யுனிக் இண்டெக்ஸ் அதே பெயரை இரண்டாம் முறையும் உள்ளே விடும். எர்ரர் ஒன்றும் வராது, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. டேட்டாவை முழுதாக வெளியே இறக்கி (டம்ப்) ரீஸ்டோர் செய்தால் இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படும். நேரம் பிடித்தால் பிடிக்கட்டும்.

நவம்பர் 29
பேட்டரி வந்தது. ரீஸ்டோர் முடிந்தது. டேபிள்வாரியாக எண்ணிக்கை சரி.

பெயர்களை நார்மலைஸ் செய்யும் அப்டேட்டை உடனே ஓட்டினால் யுனிக் கீயில் முட்டி நிற்கும்; இரண்டு கொரடாச்சேரியும் ஒன்றாகிவிடுமே. நார்மலைஸ் செய்த பெயரில் குரூப் பை (ஒரே பெயர்களைத் தொகுப்பது) போட்டு, ஒன்றுக்கு மேல் வருவதைப் பட்டியலெடுத்து, பற்றுவரவில் உள்ள ஊர் எண்ணை ஒன்றின் மேல் திருப்பி, மற்றதை அழித்து, அப்புறம்தான் அப்டேட். எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனுக்குள்; நடுவில் ஒன்று தவறினால் எதுவும் மாறாது.

நவம்பர் 30
கௌரி தப்பிவிட்டாள். ‘கெ’க்குப் பக்கத்தில் முழு ‘ள’ வைத்துக் ‘கெளரி’ என்று அடித்திருக்கிறார்கள். நார்மலைஸ் அதைத் தொடாது. கொம்பும் ‘ள’வும் சேர்ந்து வருகிற இடமெல்லாம் ஔகாரக் குறியாக்க மொத்தமாக ரீப்ளேஸ் கொடுக்கக் கை துறுதுறுத்தது. கொடுத்திருந்தால் வெள்ளைச்சாமி சிதைந்திருப்பார், குளத்துக் குத்தகைக் கணக்கில் கெளுத்தியும் செத்திருக்கும். கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 2
நில அளவு. 2.5 என்றால் இரண்டு ஏக்கர் ஐம்பது சென்டா, ஐந்து சென்டா? இப்போது 2.50 என்று யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மா கணக்கில் எழுதியவர்கள் தேவலை. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இனி ஏக்கருக்கு ஒரு கட்டம், சென்டுக்கு ஒரு கட்டம், சென்டில் 0 முதல் 99 வரை மட்டும். பழையதற்குப் பட்டாதான் கதி. பட்டாவில் அளவு ஹெக்டேரிலும் ஏரிலும் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு); ஏக்கருக்கு 40.47 ஏர். பட்டாவில் ஒரு ஹெக்டேர் ஒரு ஏர் என்றிருந்தால் ஐம்பது சென்ட். 83 ஏர் என்றிருந்தால் ஐந்து சென்ட்.

டிசம்பர் 3
மூன்றாவது கொரடாச்சேரி. நீளம் 12, பைட் 34. வால் பக்கம் ஒரு ஸ்பேஸ்.