ஃபேஸ்லிஃப்டுக்கு முன்னால் முகத்தில் எதைச் செய்வது, எதை விடுவது

எனக்கு 51 வயது. தாடைக் கோடு மங்கிவிட்டது, கழுத்துத் தோல் தளர்ந்திருக்கிறது. அறுபது வாக்கில் ஃபேஸ்லிஃப்ட், அதாவது தளர்ந்த முகத்தோலை வெட்டி இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை, செய்துகொள்வதாக இருக்கிறேன். முகமும் என்னுடையது, பணமும் என்னுடையது. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. இப்போதே செய்யாததற்குக் காரணம் பையனின் காலேஜ் ஃபீஸும், வங்கியில் கிடைக்காத நீண்ட லீவும்தான். ஆனால் தோல் காத்திருக்காது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. நான் இப்போது அந்த ஐந்து வருடத்துக்குள் இருக்கிறேன்.

அண்ணா நகரில் ஒரு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன்னாலேயே ஒரு பெண் பேக்கேஜ் அட்டையை நீட்டினார். ஹைஃபு (அல்ட்ராசவுண்ட் சூட்டால் தோலை இறுக்குவது), மைக்ரோநீடிலிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது), நூல் போட்டுத் தூக்குவது, எல்லாம் சேர்த்து தள்ளுபடி விலையில். "பின்னால ஃபேஸ்லிஃப்ட் செய்யற எண்ணம் இருக்கு, இதெல்லாம் அதைப் பாதிக்குமா?" என்று கேட்டேன். "இதைச் செஞ்சா அது தேவையே படாது மேடம்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். தொங்கும் தோலை வெட்டி எடுக்க எந்த மெஷினாலும் முடியாது. மெஷின் ஓரளவு இறுக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கீழ்ப்பாக்கத்தில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். அதே கேள்வியைக் கேட்டதும் என் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். "இந்தச் சதைப்பிடிப்பு உங்க சொத்து. இதைக் கரைச்சுட்டா பின்னால சர்ஜனுக்கு இழுத்துத் தைக்க வெறும் தோல்தான் மிஞ்சும்" என்றார். எனக்கு அந்த ஒரு வரியிலேயே விஷயம் பிடிபட்டது.

அல்தெரபி போன்ற அல்ட்ராசவுண்ட் முறையில் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் புள்ளி புள்ளியாகச் சூடு வைக்கிறார்கள். 60 டிகிரியைத் தாண்டினால் கொலாஜன் சுருங்கும், ஆறும்போது புதிது உருவாகும். பலன் முழுசாகத் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். அந்த 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பது ஸ்மாஸ் என்ற அடுக்கு. ஃபேஸ்லிஃப்டில் சர்ஜன் பிடித்து இழுப்பதும் அதையேதான். ஆழம் தப்பினால் சூடு கொழுப்பில் விழும், கன்னம் ஒட்டிப்போகும். தாடை ஓர நரம்பில் பட்டால் உதடு கொஞ்ச நாள் கோணலாகலாம். அதனால்தான் உள் அடுக்குகளைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் மெஷினா என்று கேட்கச் சொல்கிறேன். ஹைஃபு என்ற பெயரில் மலிவாக வரும் பலவற்றில் அந்தத் திரை இல்லை.

நம் மாநிறத் தோலில் லேசர் கருமை படிய வைக்கும் என்ற பயம் நியாயமானது. அல்ட்ராசவுண்டும், ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கும் தெர்மாஜ் போன்ற முறையும் நிறமியைத் தேடிப் போவதில்லை, அதனால் அந்த ஆபத்து குறைவு. ரேடியோ அலையோடு ஊசியும் இறங்கும் மைக்ரோநீடிலிங் வேறு ரகம். தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ 2025 அக்டோபரில் அதைப் பற்றி எச்சரித்தது. நான் அதைத் தொடவில்லை. நூலும் வேண்டாம் என்றேன். திரும்பத் திரும்பச் சூடும் நூலும் போட்ட முகத்தில் உள்ளே தழும்பு கட்டி, அடுக்குகளைப் பிரிப்பது சிரமமாகிறது என்று சில சர்ஜன்கள் சொல்கிறார்கள். எல்லா சர்ஜன்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் பத்து வருடம் கழித்து மேஜையில் படுக்கப்போவது நான்தானே.

கடைசியில் திரை உள்ள அல்ட்ராசவுண்ட் மட்டும் செய்துகொண்டேன். எலும்பை ஒட்டிய இடத்தில் சுருக் சுருக்கென்று வலித்தது. தாடைக் கோடு கொஞ்சம் தெளிந்திருக்கிறது, கழுத்தில் பெரிய மாற்றம் இல்லை. தினமும் சன்ஸ்கிரீன் போடுகிறேன். சென்னை வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு எந்த மெஷினையும்விட அது முக்கியம்.

கிளம்பும்போது மெஷின் பெயர், தேதி, எந்த இடத்தில் எந்த ஆழம், எத்தனை கோடு சூடு வைத்தார்கள் என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் தயங்காமல் கேளுங்கள். அடுத்து எம்.சிஹெச் (அறுவை சிகிச்சையில் உயர் சிறப்புப் பட்டம்) முடித்த ஒரு பிளாஸ்டிக் சர்ஜனை இப்போதே ஒருமுறை பார்த்து, இனி எதைத் தொடக்கூடாது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளப் போகிறேன்.